7400 செத்துப்போச்சாம்!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள பொகைஞ்சுகிட்டு இருந்த விஷயம். எழுதினா நாலு பேர் கல்லெடுப்பாங்கன்னு தெரிஞ்சே தள்ளிப் போட்டுட்டு இருந்தேன். போன வாரம் எங்க அக்கா வளையலைக் கழட்டி டேபிள் மேல வச்சதுக்கு அப்புறம் இனிமேலும் சும்மா இருந்தா சரிப்படாதுன்னு தோணிடுச்சு.

அக்கா பையன் ஈ.சி.ஈ. கடைசி வருஷம். பழைய வண்ணாரப்பேட்டையில எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. பையன் கெட்டிக்காரன், மார்க் எல்லாம் நல்லாவே வாங்கறான். அவனுக்கு 'சிப் டிசைன்'ல வேலைக்குப் போகணும்னு ஆசை. நல்ல ஆசைதான். அதுக்கு ஒரு பயிற்சி நிலையம். ஆறு மாசக் கோர்ஸ், வெரிலாக் சொல்லித் தருவாங்களாம், எஃப்.பி.ஜி.ஏ. போர்டு கையில தருவாங்களாம், ஃபீஸ் லட்சத்தைத் தாண்டும். அதுக்குத்தான் வளையல், அடகுக் கடைக்கு.

நான் கேட்டேன், "மாப்ள, அந்த கோர்ஸ் எல்லாம் இருக்கட்டும். ஒரு கவுண்ட்டர் கட்டிக் காட்டு பாப்போம். 7490, 7447, ஒரு செவன் செக்மெண்ட். பட்டனை அழுத்தினா ஒண்ணு ஒண்ணா ஏறணும். அவ்ளோதான்."

பையன் சிரிச்சுட்டான். "என்ன மாமா நீங்க, அதெல்லாம் மியூசியம் பீஸ். எங்களுக்கு டெமோ கிளாஸ் எடுத்தவரே சொன்னாரு, 74 சீரிஸ் செத்துப்போச்சு, அதுல நேரத்தை வீணாக்காதீங்கன்னு."

சரி, செத்துப்போன ஐசிதானே, கட்டறதுல என்ன கஷ்டம் இருக்கப் போகுதுன்னு என் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். (மணலி பக்கம் ஒரு கம்பெனியில மெயின்டனன்ஸ்ல குப்பை கொட்டறவன் நான். கன்ட்ரோல் பேனல், ரிலே, பி.எல்.சி.ன்னு பகல் போயிடும். ராத்திரி பொழுதுபோக்கு இந்த டப்பாதான்.) பையன் முதல்ல லேப்டாப்ல சிமுலேட்டரைத் திறந்து பத்தே நிமிஷத்துல வரைஞ்சு, ஓட்டியும் காட்டிட்டான். 0, 1, 2, 3... ஜம்முனு ஏறுது. "பாத்தீங்களா?"

"பாத்தேன். இப்போ பிரெட்போர்டுல."

அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்தான். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் எழுந்தான். அந்த ஏழு மணி நேரத்துல நடந்ததைச் சொல்றதுதான் இந்தப் பதிவு. கல்லெடுக்கறவங்க முழுசா படிச்சுட்டு எடுங்க.

முதல் கூத்து. 5 வோல்ட் சப்ளையை 14-ஆம் காலுக்கும் கிரவுண்டை 7-ஆம் காலுக்கும் கொடுத்தான். ஏன்னா 14 கால் ஐசி எல்லாத்துக்கும் அப்படித்தானே? 7400, 7408, 7432 எல்லாத்துக்கும் அப்படித்தான். ஆனா 7490-க்கு அப்படி இல்லை. அதுக்கு சப்ளை 5-ஆம் கால், கிரவுண்டு 10-ஆம் கால். ஐசி எரியலை, ஆனா உசிரும் இல்லை. சிமுலேட்டர்ல சப்ளை கால்களை வரையவே வேண்டாம், அது தானா கொடுத்துக்கும். அரை மணி நேரம் கழிச்சு டேட்டாஷீட்டைத் திறந்தான். நாலு வருஷப் படிப்புல தன் வேலைக்காக ஒரு டேட்டாஷீட்டை அவன் திறந்தது அதுதான் முதல் தடவையாம். அவனே சொன்னான்.

ரெண்டாவது கூத்து. இப்போ டிஸ்ப்ளே எரியுது. ஆனா 9. என்ன அழுத்தினாலும் 9. பட்டனைக் கழட்டினாலும் 9. "ஐசி டூப்ளிகேட் மாமா"ன்னான். இந்த வசனத்தை நான் நம்ம ஊர்ல எத்தனை லேப்ல கேட்டிருக்கேன் தெரியுமா! நான் ஒண்ணும் சொல்லலை, "2, 3, 6, 7-ஆம் கால் எங்க போகுது?"ன்னு மட்டும் கேட்டேன். எங்கேயும் போகலை, அந்தரத்துல தொங்குது. அதெல்லாம் ரீசெட் கால்கள், ரீசெட் பண்ண வேண்டாம்னு விட்டுட்டான். சிமுலேட்டர் அதை 0-ன்னு எடுத்துக்கிச்சு. டி.டி.எல். ஐசிக்கு அந்தரத்துல தொங்கற உள்ளீடுன்னா 1. 6-உம் 7-உம் 1 ஆனா 7490 நேரா 9-ல போய் உக்காந்துக்கும், அதோட வேலையே அதுதான். ஐசி பாவம், சரியாத்தான் வேலை செஞ்சுட்டு இருந்துச்சு.

இதே ஐசி சிமாஸ் வகையா இருந்தா தொங்கற கால் 1-ஆவும் இருக்காது, 0-வாவும் இருக்காது. கையை கிட்ட கொண்டு போனா மாறும், விசிறி சுத்தினா மாறும். "இணைக்காத காலுக்கு என்ன மதிப்பு?"ன்னு எந்த யூனிவர்சிட்டி கேள்வித்தாள்லயாவது நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்லை. நாலு வேரியபிள் கர்னாஃப் மேப் மட்டும் வருஷா வருஷம் தவறாம வந்துடும்.

மூணாவதுதான் முக்கியம். காலெல்லாம் கிரவுண்டு பண்ணியாச்சு. 0 வந்துடுச்சு. பட்டனை ஒரு தடவை அழுத்தினான். 3. இன்னொரு தடவை. 4. அடுத்தது 8. அதுக்கப்புறம் 1. பையன் முகத்தைப் பாக்கணுமே! ஐசியை மாத்தினான். அதே கதை. பட்டனை மாத்தினான். அதே கதைதான், நம்பர்தான் வேற.

பட்டன் அழுத்தினா உள்ள இருக்கற தகடு ஒரே அடியா ஒட்டிக்காது. தரையில விழுந்த பந்து மாதிரி துள்ளித் துள்ளி, சில மில்லிசெகண்ட் கழிச்சுத்தான் அடங்கும். நமக்கு அது ஒரு அழுத்தல். ஆனா 74எல்எஸ்90 நொடிக்கு 3 கோடி தடவைக்கு மேல எண்ணக்கூடிய ஜென்மம். அதுக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு அழுத்தல்தான். நிதானமா, நேர்மையா எல்லாத்தையும் எண்ணிடும்.

"இதை எப்படி சரி பண்றது?"ன்னு கேட்டேன். "மைக்ரோகன்ட்ரோலர் போட்டு புரோகிராம்ல டிலே குடுக்கலாம்"னான். குடுக்கலாம். அது இல்லாம? முழிச்சான். ஒரு 7400 எடுத்துக் கொடுத்து, மாடிப்படி லைட்டுக்குப் போடுவோமே டூ-வே சுவிட்ச், அதே மாதிரி சின்னதா ஒண்ணும் கொடுத்தேன். ரெண்டு நேண்ட் கேட், ஒண்ணோட வெளியீடு இன்னொண்ணுக்கு உள்ளீடா குறுக்கு மறுக்கா. சுவிட்சோட ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட்டு. நடுக்கால் கிரவுண்டு. தகடு ஒரு பக்கத்தை முதல் தடவை தொட்ட உடனே லாட்ச் அந்தப் பக்கம் சாய்ஞ்சுடும். அதுக்கப்புறம் எத்தனை துள்ளினாலும், எதிர்ப்பக்கத்தைத் தொடாத வரைக்கும், அது அசையாது.

வயர் பண்ணி அழுத்தினான். 1. அழுத்தினான். 2. 3. 4. இருபது தடவை அழுத்திப் பாத்தான், ஒரு தடவை கூட தப்பலை.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான், "மாமா, இது எஸ்.ஆர். லாட்ச்சு."

ஆமா. அது எஸ்.ஆர். லாட்ச்சுதான். அதோட ட்ரூத் டேபிளை அவன் மூணு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கான். அது எதுக்குப் பொறந்துச்சுன்னு அன்னைக்கு சாயங்காலம் ஆறரை மணிக்குத்தான் தெரிஞ்சுது. ஏன்னா, நோட்டுல அது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அதுபாட்டுக்கு ஒரு படமா கிடந்துச்சு. அவஸ்தை முதல்ல, அப்புறம் லாட்ச்சு. நாம சொல்லிக் கொடுக்கறது தலைகீழா இருக்கு. லாட்ச்சை முதல்ல கொடுத்துடறோம், அவஸ்தையைக் கடைசி வரைக்கும் கண்ல காட்டறதே இல்லை.

இப்போ என் சண்டைக்கு வரேன். 74 சீரிஸ் செத்துப்போச்சுன்னு சொல்றவங்களோட மட்டும் இல்லை, அதை இன்னும் லேப்ல வச்சுக்கிட்டு இருக்கறவங்களோடயும் எனக்குச் சண்டை இருக்கு.

லேப்காரங்க கதையை முதல்ல முடிச்சுடறேன். நான் படிச்ச லேப் எப்படி இருந்துச்சோ, கிட்டத்தட்ட அப்படியேதான் இவன் படிக்கற லேப்பும் இருக்கு. 'டிஜிட்டல் ட்ரெய்னர் கிட்'னு ஒரு பொட்டி. ஐசியை சாக்கெட்ல சொருகணும், பேட்ச் கார்டால இணைக்கணும், எல்.ஈ.டி. எரியுதான்னு பாக்கணும், ட்ரூத் டேபிள் எழுதணும். எரியலைன்னாலும் ட்ரூத் டேபிள் எழுதணும். ரெக்கார்டு நோட்டு சீனியர்கிட்ட இருந்து வந்திருக்கும். அந்தப் பொட்டியில ஒரு அழகான பட்டன் இருக்கும், 'பல்சர்'னு பேரு. அதை அழுத்தினா துள்ளல் இல்லாம சுத்தமா ஒரே ஒரு பல்ஸ் வரும். ஏன் வருது? அந்தப் பொட்டியைச் செஞ்சவன் துள்ளலை அடக்கற சர்க்யூட்டை உள்ளயே வச்சு மூடிட்டான். படிக்க வேண்டிய பாடத்தை ஸ்க்ரூ போட்டு மூடி அதுக்கு மேல மாணவனை உக்கார வச்சுட்டு, 'ப்ராக்டிகல்'னு பேரும் வச்சுட்டாங்க. அந்தப் பொட்டியும் ஒரு சிமுலேட்டர்தான் சாமி, என்ன, கொஞ்சம் கனமான சிமுலேட்டர். அந்த லேப்பைத் தூக்கிட்டு வெரிலாக் லேப் வைக்கப் போறோம்னா அந்த இழப்புக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன்.

இப்போ இந்தப் பக்கம். "இன்னைக்கு எந்தக் கம்பெனியில கேட்டை ஒவ்வொண்ணா வயர் பண்றான்? கோடிக்கணக்குல டிரான்சிஸ்டர் இருக்கற சிப்பை வெரிலாக்லதானே எழுதறான்?" சரியான கேள்வி. யாரும் வயர் பண்றதில்லை. நம்ம மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில சக்தி பிராசஸர் செஞ்சாங்களே, அவங்களும் பிரெட்போர்டுல செய்யலை, ப்ளூஸ்பெக்னு ஒரு மொழியில எழுதித்தான் செஞ்சாங்க. நான் யாரையும் 7400 வச்சு பிராசஸர் செஞ்சு விக்கச் சொல்லலை. கடைசியில எதுல வேலை செய்யப் போறோம்ங்கறது ஒரு கேள்வி, எதுல ஆரம்பிக்கணும்ங்கறது வேற கேள்வி. இந்த ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு ஃபீஸ் வாங்கறதுதான் எனக்கு எரியுது.

நம்ம பக்கத்து உதாரணமே சொல்றேன். திருவொற்றியூர்ல 1955-ல என்ஃபீல்டு புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க, எண்ணூர்ல அதுக்கும் ஏழு வருஷம் முன்னாடியே, 1948-ல, அசோக் மோட்டார்ஸ் வந்தாச்சு, அதுதான் பிற்பாடு லேலண்டு. இந்த பெல்ட்ல வீட்டுக்கு ஒரு ஐ.டி.ஐ. ஃபிட்டராவது இருப்பான். அவனைக் கேட்டுப் பாருங்க, முதல்ல என்ன கொடுத்தாங்கன்னு. ஒரு இரும்புத் துண்டு, ஒரு அரம், ஒரு வைஸ். ராவு. வாரக்கணக்குல ராவு. மூலைமட்டம் வச்சு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா இடுக்குல வெளிச்சம் தெரியக் கூடாது. உள்ளங்கை கொப்புளம் கட்டிடும். சி.என்.சி. வந்து எத்தனை காலமாச்சு, எந்த ஃபேக்டரியிலயாவது அரம் வச்சு ராவி வண்டி செய்யறாங்களா? இல்லை. ஆனாலும் ஃபிட்டர் படிப்பு இன்னும் அரத்துலதான் ஆரம்பிக்குது. ஏன்னா ராவினவன் கைக்குத்தான் 'அஞ்சு பாயிண்ட் ஜாஸ்தி'ன்னா என்னன்னு தெரியும். தெரியாதவனை சி.என்.சி. முன்னாடி நிறுத்தினா அவன் பட்டன் அமுக்கற ஆளு மட்டும்தான். மெஷின் தப்பா வெட்டினாலும் ஸ்க்ரீன்ல பச்சை லைட் எரியுதேன்னு நிப்பான்.

அதே கதைதான் இங்கயும். வெரிலாக்ல தாமதம் போடலாம், ஒரு '#10'னு எழுதினா பத்து யூனிட் தாமதம் ஆகும். அந்தப் பத்து எங்க இருந்து வந்துச்சு? ஒரு நேண்ட் கேட் வழியா சிக்னல் போக சுமார் பத்து நானோசெகண்ட் ஆகுதுன்னு ஒரு பழைய ஆசிலாஸ்கோப்ல கண்ணால பாத்தவனுக்கு அது ஒரு சங்கதி. பாக்காதவனுக்கு அது ஒரு நம்பர், அழிச்சுட்டு 5-ன்னு போட்டாலும் ஒண்ணுதான்.

பையனுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை இதையும் காட்டினேன். 7493, நாலு பிட் கவுண்ட்டர். அதுல ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் மாறினாத்தான் அடுத்தது மாறும், வரிசையில நிக்கற ஜனங்க மாதிரி. 7-ல இருந்து 8-க்குப் போகணும், அதாவது 0111-ல இருந்து 1000. ஒரே தாவலா போகாது. 0111, 0110, 0100, 0000, அப்புறம்தான் 1000. நடுவுல வர்ற 6, 4, 0 எல்லாம் பொய் எண்ணிக்கை, கண் சிமிட்டறதுக்குள்ள கோடி தடவை வந்து போயிடும், எல்.ஈ.டி.ல தெரியவே தெரியாது. ஆனா, '0 வந்தா ஒரு பல்ஸ் கொடு'ன்னு ஒரு கேட் வச்சு அதை இன்னொரு கவுண்ட்டரோட கிளாக்ல மாட்டினோம். பதினாறுக்கு ஒண்ணு ஏற வேண்டியது அதுக்கு மேலயே ஏறுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டான். காகிதத்துல ஒவ்வொரு படியா எழுதிப் பாத்து அவனே கண்டுபிடிச்சான், நான் வாயே திறக்கலை.

எல்லா ஃபிளிப்-ஃப்ளாப்பையும் ஒரே கிளாக்ல கட்டணும், கேட் வழியா வர்ற கண்ட கண்ட சிக்னலை கிளாக்ல மாட்டக் கூடாது. எந்த எஃப்.பி.ஜி.ஏ. புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்துல கட்டளையா போட்டிருப்பான். கட்டளைன்னு படிச்சவன் அவசரத்துல மீறுவான், பேயைப் பாத்தவன் மீற மாட்டான். அப்புறம் டூல்காரன் 'செட்டப் டைம் மீறிடுச்சு'ன்னு சிவப்பு எழுத்துல திட்டும்போது அது வெறும் மெசேஜா இருக்காது. 74எல்எஸ்74 டேட்டாஷீட்ல 'கிளாக் வர்றதுக்கு 20 நானோசெகண்ட் முன்னாடியே டேட்டா வந்து நிக்கணும், வந்த பிறகும் 5 நானோசெகண்ட் அசையக் கூடாது'ன்னு போட்டிருக்கே, அதோட பேரப்பிள்ளைதான் இதுன்னு புரியும். இன்னைக்கு அந்த 20 பிக்கோசெகண்ட் கணக்குக்கு இறங்கியிருக்கு. கேள்வி மாறவே இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க சமையலறையில மிக்ஸி போட்டா கவுண்ட்டர்ல ஒரு நம்பர் கூடுச்சு. நிஜமா. அக்கா சட்னி அரைச்சா 12 ஆனது 13 ஆயிடும். பையன் சிரிச்சு சிரிச்சு கண்ல தண்ணி. டி.டி.எல்.ல 0-ன்னா 0.4 வோல்ட்டுக்குள்ள அனுப்பணும், வாங்கறவன் 0.8 வரைக்கும் 0-ன்னு ஒத்துப்பான். 1-ன்னா குறைஞ்சது 2.4 அனுப்பணும், வாங்கறவன் 2 வந்தாலே ஒத்துப்பான். ரெண்டு பக்கமும் நடுவுல 0.4 வோல்ட்டு இடைவெளி, அவ்ளோதான் பாதுகாப்பு. மிக்ஸி மோட்டார் சப்ளையில அதைவிடப் பெரிய சலசலப்பைக் கொடுத்துடுச்சு. ஒவ்வொரு ஐசிக்கும் சப்ளைக் கால் பக்கத்துல ஒரு 104 கபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். சொருகினதும் அடங்கிடுச்சு. '0-உம் 1-உம் மட்டும்தான் டிஜிட்டல்'னு சொல்லிக் கொடுத்தது எவ்வளவு பெரிய பொய்னு அந்த மிக்ஸிதான் அவனுக்குச் சொல்லுச்சு. 0, 1 எல்லாம் நாம செஞ்சுக்கிட்ட ஒப்பந்தம். கம்பியில ஓடறது வோல்ட்டேஜ்தான். எஃப்.பி.ஜி.ஏ. போர்டுல அந்தக் கபாசிட்டர் எல்லாம் டஜன் கணக்குல ஏற்கனவே ஒட்டியே வரும். அதனால அது எதுக்குன்னு யாரும் கேக்கறதில்லை. பிறகு வேலைக்குப் போய் சொந்தமா ஒரு போர்டு டிசைன் பண்ணும்போதுதான் கேள்வி வரும், கம்பெனி செலவுல.

"பழசு"ங்கற வார்த்தை மேலயே எனக்குக் கோபம் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்காரன் 1964-ல ராணுவத்துக்கு 5400-ன்னு ஆரம்பிச்சு, 1966-ல பிளாஸ்டிக் பொட்டியில மலிவா 7400 விட்டான். அறுபது வருஷம் ஆச்சு. இன்னும் அதே நம்பர் குடும்பத்தைச் செஞ்சு வித்துக்கிட்டுதான் இருக்கான். எல்.ஈ.டி. போர்டு செய்யற பசங்க எல்லாரும் வாங்கற 74எச்சி595 அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1972-ல வந்த பாங் விளையாட்டுல மைக்ரோபிராசஸரே கிடையாது, புரோகிராமே கிடையாது, முழுக்க இந்த மாதிரி ஐசிதான். 1969-ல நிலாவுக்குப் போன அப்போலோவோட வழிகாட்டும் கம்ப்யூட்டர்ல இருந்த லாஜிக் எல்லாம் ஒரே வகைக் கேட், மூணு உள்ளீடு நார். அதையே ஆயிரக்கணக்குல அடுக்கினாங்க. நம்ம ப்ளஸ் டூ இயற்பியல் புத்தகத்துலயே 'நேண்ட், நார் ரெண்டும் எல்லாத்தையும் செய்ய வல்லது'ன்னு இருக்கு. ரெண்டு மார்க் கேள்வி. அதை வச்சு நிலாவுக்குப் போயிட்டு வந்தாங்கன்னு எந்த வாத்தியாராவது ஒரு வரி சேத்துச் சொன்னா குறைஞ்சா போயிடும்?

நம்ம ஊரையே எடுத்துக்குங்க. சக்தி வரிசையில விண்வெளிக்குன்னு ஐரிஸ் சிப்பை 2025 பிப்ரவரியில ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து அறிவிச்சாங்க. எங்க செஞ்சாங்க தெரியுமா? மொகாலியில இருக்கற எஸ்.சி.எல்.ல, 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்துல. போன் சிப் எல்லாம் 3 நானோமீட்டர்னு பேசிக்கிட்டு இருக்கற காலத்துல! அதே வருஷம் வந்த விக்ரம் 3201-உம் அதே மொகாலி, அதே 180 தான். ராக்கெட்ல போற சாமான் அது. பழசுன்னா குப்பைன்னு அங்க யாரும் நினைக்கலை, எது எதுக்குப் போதும்னு கணக்குப் போட்டு எடுக்கறாங்க.

"அப்போ பிரெட்போர்டு கம்ப்யூட்டர் கட்டச் சொல்றீங்களா?"ன்னு கேப்பீங்க. ஆசை இருந்தா கட்டுங்க. அமெரிக்காவுல பென் ஈட்டர்னு ஒருத்தர் 74எல்எஸ் ஐசிகளை வச்சே எட்டு பிட் கம்ப்யூட்டர் கட்டி வீடியோவா போட்டிருக்கார், உலகம் பூரா பசங்க கிட்டா வாங்கிக் கட்டறாங்க. அதோட மூலம் மால்வினோவோட புத்தகத்துல வர்ற சாப்-1. மால்வினோ! நம்ம காலேஜ் லைப்ரரி எல்லாத்துலயும் தூசி படிஞ்சு கிடக்கற அதே மால்வினோ. நாம மியூசியம்னு தூக்கிப் போட்டதை அவங்க காசு கொடுத்து வாங்கிப் படிக்கறாங்க. நமக்கு எதுவும் டாலர்ல திரும்பி வந்தாத்தான் மதிப்பு, அது பழைய வியாதி.

ஆனா என்னைக் கேட்டா கம்ப்யூட்டர் வரைக்கும் போக வேண்டியதில்லை. அதுக்கு மேல வயர் சொருகறது வெறும் பொறுமைப் பரீட்சை, பாடம் குறைஞ்சு போயிடும். பத்து வேலை நேரம் பிடிக்கும் ஒரு வயர் கழண்டதைக் கண்டுபிடிக்க. ரெண்டு மூணு மாசம், வாரத்துக்கு ஒரு நாள். கேட், லாட்ச், கவுண்ட்டர், ஷிஃப்ட் ரிஜிஸ்டர், ஒரு நாலு பிட் கூட்டல். அதோட மூட்டை கட்டி வச்சுட்டு வெரிலாக்குக்குப் போயிடணும். எங்க காலத்துல நாங்க எப்படியெல்லாம்னு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கற பெருசுங்க கூட்டத்துல என்னைச் சேக்காதீங்க. எங்க காலத்து லேப் லட்சணத்தைத்தான் மேலயே சொல்லிட்டேனே.

காசு விஷயம் வருவோம், வளையல் அதுலதான மாட்டிக்கிட்டு இருக்கு. அன்னைக்கு அவன் கட்டினதுக்கு ஆன செலவை உக்காந்து கணக்குப் போட்டோம். பிரெட்போர்டு, பத்து ஐசி, டிஸ்ப்ளே, 7805, கபாசிட்டர், ஒரு கத்தை ரெசிஸ்டர், வயர். ரிச்சி தெருவுல ஆயிரம் ரூபாய்க்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். வண்ணாரப்பேட்டையில மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கினா நடந்தே போயிடலாம். பாடம்? மெட்ராஸ் ஐ.ஐ.டி. பேராசிரியர் எஸ். சீனிவாசன் எடுத்த டிஜிட்டல் சர்க்யூட்ஸ் வகுப்பு முழுசும் என்.பி.டெல்.ல இலவசமா கிடக்கு. அடையாறு பக்கத்துப் பசங்களுக்கு என்ன கிடைக்குதோ அதே வகுப்பு நம்ம எம்.சி. ரோடு பின்னாடி சந்துல உக்காந்தும் கிடைக்குது. வெரிலாக் கத்துக்க டூல் இலவசம். சின்ன எஃப்.பி.ஜி.ஏ. போர்டு சில ஆயிரத்துக்கு வருது. அப்போ அந்த லட்சம் எதுக்கு?

சர்ட்டிபிகேட்டுக்கும், 'ப்ளேஸ்மெண்ட் உதவி'ங்கற ரெண்டு வார்த்தைக்கும். எல்லா இடமும் மோசம்னு சொல்ல மாட்டேன், உருப்படியா சொல்லிக் கொடுக்கறவங்களும் இருப்பாங்க. வேலை கிடைக்கறதுக்கு அந்த ஒரு காகிதம் உதவவும் கூடும், அதுல எனக்கு வீம்பு கிடையாது. ஆனா அடித்தளம் இல்லாத பையன்கிட்ட "அடித்தளம் செத்துப்போச்சு, நேரா மாடிக்கு வா"ன்னு சொல்லிக் காசு வாங்கறதை என்னன்னு சொல்றது? இது காசிருக்கறவன் வீட்டுல பரவாயில்லை, போனா போகுதுன்னு இன்னொரு கோர்ஸ் சேத்துவிடுவான். எங்க அக்காவுக்கு ரெண்டே வளையல். மாமா ஹார்பர்ல கூலிக்கு நின்னு வாங்கினது.

அந்த ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ராத்திரி பையன் சாப்பிட்டுக்கிட்டே கேட்டான். "மாமா, டெமோ கிளாஸ்ல அவங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? எஃப்.பி.ஜி.ஏ. போர்டுல இருக்கற பட்டன் துள்ளாதான்னு?"

"கேளுடா"ன்னேன்.

புதன்கிழமை போய்க் கேட்டிருக்கான். "அதெல்லாம் சிலபஸ்ல பின்னாடி வரும், முதல்ல அட்மிஷன் போடுங்க"ன்னாங்களாம். கடைசி தேதி 15. அக்கா இன்னும் முடிவு பண்ணலை, வளையலை எடுத்து மறுபடி கையில போட்டிருக்கு. பையன் நேத்து வந்து என் டப்பாவுல இருந்து ரெண்டு 7474-ம் ஒரு 555-ம் எடுத்துட்டுப் போனான். கேக்காமயே.

பி.கு.: 7490, 7493 ரெண்டுக்கும் சப்ளை 5, கிரவுண்டு 10. 7475-க்கு 5-உம் 12-உம். 7476-க்கு 5-உம் 13-உம். 7402-ல சப்ளை வழக்கம் போல 14, 7 தான், ஆனா உள்ளீடு வெளியீடு கால்கள் 7400 மாதிரி இருக்காது, முதல் காலே வெளியீடு. எல்எஸ் ஐசியோட வெளியீட்டை நேரா எச்சி ஐசிக்குக் கொடுக்காதீங்க, 1-ன்னு அனுப்பறது அதுக்குப் பத்தாம போகலாம், எச்சிடி வாங்குங்க. கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்வார். நம்பாதீங்க :-)